தற்கொலைத் தடுப்பு வகுப்பு: 2 மணி நேரத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது?

மணற்கேணி:

வணக்கம். குடியிருப்போர் சங்கமும் வாசகர் வட்டமும் சேர்ந்து, தற்கொலைத் தடுப்பு பற்றிப் பொதுமக்களுக்கு 2 மணி நேர வகுப்பு ஒன்று நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். ஏறத்தாழ 40 பேர் வருவார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் எனக் கலவையான கூட்டம். பிறகு அவர்களில் 8 பேரைக் கொண்டு, யாராவது நெருக்கடியில் இருக்கிறார் என்று தெரிந்தால் போய்ப் பேசக்கூடிய சிறிய துணைக்குழு ஒன்றை அமைக்க எண்ணம்.

இப்போதைய நிகழ்ச்சி நிரல்: மனநல மருத்துவர் உரை 45 நிமிடம், குறும்படம் 30 நிமிடம், கேள்வி பதில் 30 நிமிடம், கடைசியாக எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி. வந்தவர்களுக்கு உதவி எண் அச்சிட்ட அட்டை கொடுப்போம்.

இது போதுமா? பாமர மக்களிடம் "தற்கொலை எண்ணம் இருக்கிறதா" என்று நேராகக் கேட்கச் சொல்லித் தருவது ஆபத்து என்று குழுவில் இருவர் தயங்குகிறார்கள். கேட்டு, "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் தெளிவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் வழிகாட்டுங்கள்.

---

செவிச்செல்வம்:

உங்கள் நிரலில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. வந்தவர் தன் வாயைத் திறந்து சொல்லிப் பழக 1 நிமிடம்கூட இல்லை. திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள். உரை கேட்டவருக்கு விவரம் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எதிரில் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். ஒருமுறையாவது சத்தமாகச் சொல்லிப் பார்த்தவருக்குத்தான் வாய் வரும்.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். அறிமுகமும் அடிப்படை உண்மைகளும் 20, ஆபத்து அறிகுறிகள் 20, கேட்பது எப்படி என்று இரண்டு பயிற்றுநர்கள் செய்துகாட்டுவது 15, இருவர் இருவராகப் பயிற்சி 40, உள்ளூரில் எங்கே யாரிடம் கூட்டிப்போவது என்பது 15, முடிப்பதற்கு 10. படத்தை எடுத்துவிடுங்கள். 40 பேர் அறையில் ஒரு பயிற்றுநர் போதாது. பயிற்சி நேரத்தில் 10 பேருக்கு ஒருவர் வீதம் சுற்றிவந்து கவனிக்க 4 பேர் தேவை.

புள்ளிவிவரத்தை 2 நிமிடத்தில் முடியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாவது இடம். இவ்வளவு போதும். எண்ணிக்கையை அடுக்கிக்கொண்டே போனால், ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் "இத்தனை பேர் செய்கிறார்களே" என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் இன்னோர் உண்மையைச் சொல்லுங்கள்: முயன்று பிழைத்தவர்களில் 10-ல் 9 பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. நெருக்கடி என்பது கடந்துபோகும் ஒன்று. அதைக் கடக்கும்வரை ஆள் துணை வேண்டும்.

நேராகக் கேட்பது பற்றிய தயக்கம் எல்லா ஊரிலும் எல்லாக் குழுவிலும் வருவது. 2014-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, இந்தக் கேள்வியைப் பற்றிய 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கேட்டதால் எண்ணம் கூடியது என்று புள்ளியியல் அடிப்படையில் ஒன்றுகூடக் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. தனக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் அல்லவா.

இதில் நம் மொழிக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை மொழிபெயர்த்து நடத்தும் இடங்களில் இவை தவறிப்போகின்றன.

ஒன்று, இடக்கரடக்கல். "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டீங்களே?" என்றுதான் நம் வாயில் வரும். அந்தக் கேள்வியிலேயே "இல்லை" என்ற பதிலைக் கேட்பவர் திணித்துவிடுகிறார். "தப்பு" என்ற தீர்ப்பும் சேர்ந்தே போகிறது. எதிரில் இருப்பவர் "சேச்சே, அதெல்லாம் இல்லை" என்பார், பேச்சு அங்கேயே முடியும். கேட்க வேண்டியது இப்படி: "இவ்வளவு கஷ்டத்துல இருக்கும்போது சிலருக்குச் செத்துடலாம்னு எண்ணம் வரும். உங்களுக்கு அப்படி வருதா? தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" முதல் வாக்கியம் வெட்கத்தைக் குறைக்கிறது, கடைசி வாக்கியம் ஐயத்தைப் போக்குகிறது. இரண்டும் வேண்டும்.

இரண்டு, "செத்துடலாம் போல இருக்கு" என்பது நம் பேச்சில் தலைவலிக்கும் வேலைப்பளுவுக்கும்கூட வருகிற சொல். அதனாலேயே உண்மையாகச் சொல்பவரும் காதில் விழாமல் போகிறார். சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கூட என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் முற்றிலும் கெட்டிருப்பது, பழகியவர்களிடமிருந்து ஒதுங்குவது, குடி கூடியிருப்பது, பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுப்பது, கணக்கு வழக்குகளைத் திடீரென்று முடித்துவைப்பது, "நான் இல்லாட்டி எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க", "பிள்ளைகளைப் பாத்துக்கோ" போன்ற பேச்சு. பல நாள் கலக்கத்துக்குப் பிறகு சட்டென்று வரும் அமைதியையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். குடும்பத்தார் அதைத் தேறிவிட்டதாக நினைத்துக் காவலைத் தளர்த்துகிறார்கள். ஐயமாக இருந்தால் கேட்டுவிடுவதுதான் வழி.

பயிற்சியை மூன்று சுற்றாக வையுங்கள். முதல் சுற்றில் அந்தக் கேள்வியை மட்டும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து மூன்று முறை சொல்ல வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் குரல் உடையும், இரண்டும் இயல்பு. இரண்டாம் சுற்றில் எதிரில் இருப்பவர் "ஆமா" என்பார், கேட்டவர் 10 விநாடி பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் எல்லோருக்கும் கடினம். 3 விநாடியில் அறிவுரை வெளியே வந்துவிடும். மூன்றாம் சுற்றில் "சொன்னதுக்கு நன்றி. எவ்வளவு நாளா இப்படி இருக்கு? என்ன ஆச்சு?" என்று தொடர வேண்டும். "ஏன்" என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்லுங்கள். "ஏன் இப்படி நினைக்கிறீங்க" என்பது விசாரணை போல ஒலிக்கும், "என்ன ஆச்சு" என்பது துணை போல ஒலிக்கும்.

பயிற்சியில் அடிக்கடி கெடுவது மூன்று இடங்கள். "குழந்தைகளை நினைச்சுப் பாருங்க" என்பது அன்பில் சொல்வதுதான். ஆனால் தன்னைச் சுமையாகக் கருதுகிறவர், குழந்தைகளுக்காகவே போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் குற்ற உணர்வுதான் கூடும். "இது கோழைத்தனமா, தைரியமா" என்ற பட்டிமன்றத்தில் யாராவது இறங்கினால் உடனே நிறுத்துங்கள். மூன்றாவது, தம் வீட்டில் நடந்த இழப்பை ஒருவர் விவரமாகச் சொல்லத் தொடங்குவது. எந்த முறையில், எந்த இடத்தில் என்ற விவரம் வகுப்பில் வரக்கூடாது. தொடக்கத்திலேயே இதை விதியாகச் சொல்லிவிட்டால் பிறகு இடைமறிப்பது எளிது.

அண்மையில் யாரையேனும் இழந்தவர்கள், இப்போது தாங்களே எண்ணத்தோடு போராடுகிறவர்கள் பயிற்சிச் சுற்றில் கலந்துகொள்ளாமல் வெளியேறலாம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். பக்கத்து அறையில் பேசத் தெரிந்த ஒருவர் 2 மணி நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

---

இரவுப்பணி:

"ஆமாம்" என்ற பதிலுக்குப் பிறகு என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன். உதவி எண் அழைப்புகளில் நாங்கள் செய்வதன் சுருக்கம் இது.

உங்கள் 8 பேர் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை. அவர்கள் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இவருக்கு உதவி இந்த நிமிடமே வேண்டுமா, இன்றைக்குள் வேண்டுமா, ஓரிரு நாளில் போதுமா. அதற்குக் கொலம்பியா அளவுகோல் எனப்படும் 6 கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன, மருத்துவர் அல்லாதவர்களும் கேட்கலாம். தமிழில் பேச்சு வழக்காக வைத்துக்கொள்ளலாம். தூங்கினால் எழுந்திருக்கவே கூடாது, செத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறதா? தற்கொலை செய்துகொள்ளும் எண்ணமே வந்திருக்கிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? செய்துவிட வேண்டும் என்ற தீர்மானம் கொஞ்சமாவது இருக்கிறதா? எப்போது, எங்கே என்று திட்டம் போட்டிருக்கிறீர்களா? எதையாவது செய்திருக்கிறீர்களா, செய்யத் தொடங்கியிருக்கிறீர்களா, ஏற்பாடு ஏதாவது செய்தீர்களா. அது கடந்த 3 மாதத்துக்குள்ளா?

முதல் இரண்டுக்கு மட்டும் ஆமாம் என்றால் ஓரிரு நாளில் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க ஏற்பாடு செய்து, கூடவே போங்கள். மூன்றாவதுக்கும் ஆமாம், அல்லது பழைய முயற்சி ஒன்று உண்டு என்றால் அன்றைக்கே தொழில்முறை உதவி. தீர்மானம், திட்டம், கடந்த 3 மாதத்துக்குள் ஒரு முயற்சி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியே விடக்கூடாது, அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே எதையாவது உட்கொண்டிருந்தாலோ காயம் இருந்தாலோ பேச்சை நீட்ட வேண்டாம். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் ஆம்புலன்ஸ்தான். உடல் நன்றாக இருப்பது போலத் தோன்றும் சில மணி நேரத்தில் உள்ளே பாதிப்பு வளரக்கூடும்.

மூன்றாவது கேள்வியில் கவனம் தேவை. "எதைக்கொண்டு" என்று தெரிந்துகொள்வது அந்தப் பொருளை அவரிடமிருந்து தள்ளிவைப்பதற்காக மட்டுமே. அதற்கு மேல் துருவக்கூடாது.

நேரில் போகும்போது இருவராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் தொலைபேசி, குடும்பத்தார், வண்டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். கையில் ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே போக வேண்டாம், அவசர எண்ணை அழைத்துவிட்டு வெளியே இருந்தே பேசுங்கள். குடித்திருப்பவரிடம் நீண்ட விவாதம் வேண்டாம். போதை இறங்கும்வரை ஆள் காவல் வேண்டும், இறங்கிய பின் மறுபடியும் கேட்க வேண்டும். காலையில் "சும்மா உளறினேன்" என்பார். இரவில் சொன்னதையும் கணக்கில் வைத்தே முடிவெடுங்கள்.

தொலைபேசியில் என்றால், எங்கே இருக்கிறார் என்று பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். "லைன் கட் ஆனா எந்த நம்பர்ல கூப்பிடட்டும், இப்ப எங்க இருக்கீங்க?" என்று இயல்பாகக் கேட்கலாம். அரைமணி நேரம் கழித்துக் கேட்டால் சந்தேகம் வரும். வேறொரு போனிலிருந்து இன்னொரு ஆள் அவசர எண்ணை அழைக்கட்டும், பேசிக்கொண்டிருப்பவர் இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. உதவிக்கு ஆள் வருவதை மறைக்காதீர்கள். ஏமாற்றிக் காப்பாற்றினால் அடுத்த முறை அவர் யாரையும் அழைக்கமாட்டார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பார்கள். சத்தியம் செய்யாதீர்கள். "நீங்க சொல்றதை ஊர்ல பேசமாட்டேன். ஆனா உங்க உயிருக்கு ஆபத்துன்னு பட்டா, உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன். யார்கிட்டன்னு உங்களைக் கேட்டுட்டே சொல்லுவேன்." இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம்.

அட்டை பற்றி ஒரு வேண்டுகோள். அச்சடிக்கும் முன் அந்த எண்ணை நீங்களே மூன்று வெவ்வேறு நேரத்தில் அழையுங்கள், அதில் ஒன்று நள்ளிரவுக்குப் பின் இருக்கட்டும். எடுக்கிறார்களா, எத்தனை நிமிடக் காத்திருப்பு, தமிழில் பேசுகிறார்களா, 24 மணி நேரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சரிபார்ப்பதற்காகத்தான் அழைத்தேன் என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள், வரிசையில் யாராவது காத்திருப்பார்கள். எடுக்காத எண் ஒன்றை ஒருவர் தன் கடைசித் துணிச்சலைத் திரட்டி அழைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபார்த்து, பழைய அட்டைகளைத் திரும்பப் பெறுங்கள்.

எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்வதும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனிலிருந்தே அழைக்க வைத்து, மறுமுனையில் குரல் வரும்வரை இருந்துவிட்டு, அவர் விரும்பினால் எழுந்து தள்ளிப்போங்கள்.

---

நடுவாசல்:

மேலே இருவர் சொன்னதோடு ஒன்று. அந்த உறுதிமொழியை அடியோடு எடுத்துவிடுங்கள். நெருக்கடியில் இருப்பவரிடம் "செய்துகொள்ளமாட்டேன்" என்று எழுதி வாங்குவது ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே வழக்கமாக இருந்தது. அதனால் தற்கொலை குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர், எண்ணம் திரும்ப வந்தால் வெட்கப்பட்டு மறைக்கிறார். வாக்கு வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். கூட்டமாக நின்று சொல்லும் உறுதிமொழியும் அதே செய்தியைத்தான் தருகிறது. "எண்ணம் வந்தால் இன்னாரிடம் சொல்வேன், இதைச் செய்வேன்" என்று எழுதிவைப்பதே பயன்படும். அது வாக்குறுதி அல்ல, பாதுகாப்புத் திட்டம்.

---

மணற்கேணி:

மிக்க நன்றி. நிரலைக் கலைத்துவிட்டேன், உறுதிமொழியும் படமும் போய்விட்டன. இரண்டு ஐயங்கள். பாதுகாப்புத் திட்டத்தை எங்கள் தன்னார்வலர்கள் எழுதிக்கொடுக்கலாமா, அது மருத்துவர் வேலையா? அடுத்தது, ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து, அவர் வீடு திரும்பிவிட்டார் என்றால் எங்கள் வேலை முடிந்ததா? மருத்துவமனைக்குப் பின் தொந்தரவு செய்யக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள்.

---

வார்டுவாசல்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்களை இழப்பது பெரும்பாலும் அங்கேதான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும் முதல் 3 மாதமும்தான் மிக ஆபத்தான காலம். வார்டில் சுற்றி ஆள் இருந்தது, நேரத்துக்கு மாத்திரை வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதே கடன், அதே சண்டை, கூடவே ஊர்ப்பேச்சு. "தொந்தரவு செய்யக்கூடாது" என்று எல்லோரும் ஒதுங்கினால் அவருக்கு அது வேறு விதமாகப் படும்.

தொடர்ந்து விசாரிப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு வலுவான சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 5 நாடுகளில் நடத்திய ஆய்வில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு 1 மணி நேர விளக்கமும், பிறகு 18 மாதத்தில் 9 முறை விசாரிப்பும். 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது. அந்த 9 விசாரிப்புகள் 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் நடந்தன. இடைவெளி எப்படிக் கூடிக்கொண்டே போகிறது பாருங்கள். தொடக்கத்தில் நெருக்கம், பிறகு மெல்ல விலகல். இந்த அட்டவணையை அப்படியே எடுத்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்த ஆய்வில் விசாரித்தவர்கள் மருத்துவர், செவிலியர், உளவியலாளர்கள். ஆகவே உங்கள் அழைப்பு மருத்துவரைச் சந்திப்பதற்கு மாற்று ஆகாது, அதற்கு மேல் கூடுதல்.

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலர் இரண்டாவது அழைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். 5 நிமிடம் போதும். எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் எப்படி, மருத்துவரைப் பார்க்கும் நாள் எப்போது, அதற்குப் போக ஏதும் தடை உண்டா, எண்ணம் திரும்ப வந்ததா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் "நினைச்சுக்கிட்டேன், அதான் கூப்பிட்டேன், பதில் வேணும்னு இல்லை" என்று ஒரு குறுஞ்செய்தி. அமெரிக்காவில் மோட்டோ என்ற மனநல மருத்துவர், தொடர் சிகிச்சையை மறுத்துவிட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 5 ஆண்டில் 24 சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். எந்தக் கோரிக்கையும் இல்லாத இரண்டு மூன்று வரிகள், அவ்வளவே. கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் 2 ஆண்டில், தற்கொலை குறைவாக இருந்தது. கோரிக்கை இல்லாமல் இருப்பதுதான் அதன் உயிர். "ஏன் பதில் போடல" என்று ஒருமுறை எழுதினால் அது கடன் வசூல் போல ஆகிவிடும்.

இனி திட்டம். ஸ்டான்லி, பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்துக்கு 6 படிகள். பயிற்சி பெற்ற தன்னார்வலர் அதை எழுதத் துணையிருக்கலாம். ஆனால் கடும் ஆபத்தில் இருப்பவருக்கு அது அவசர சிகிச்சைக்குப் பதிலாகாது. எழுதும் கை அவருடையதாக இருக்கட்டும், சொற்களும் அவருடையவை. நீங்கள் அழகாக எழுதிக்கொடுத்த தாள் அலமாரியில்தான் கிடக்கும்.

முதல் படி, நெருக்கடி தொடங்குவதை எதைக்கொண்டு அறிவார்? "மனசு சரியில்லை" என்பது போதாது. "இரவு 2 மணிக்கு விழித்து, பழைய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கத் தொடங்கினால்" என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். இரண்டாவது, யார் துணையும் இல்லாமல் தானே செய்து மனத்தைத் திருப்பக்கூடியது: குளிப்பது, நடப்பது, பாட்டு. மூன்றாவது, பிரச்சினையைப் பேசாவிட்டாலும் கூட இருந்தாலே போதும் என்கிற ஆட்களும் இடங்களும். நான்காவது, பிரச்சினையைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். ஐந்தாவது, மருத்துவர், ஆலோசகர், உதவி எண், அவசர சிகிச்சைப் பிரிவு. ஆறாவது, சூழலைப் பாதுகாப்பாக்குவது. ஒவ்வொரு படியையும் எழுதியதும் "இதை நிஜமாச் செய்ய முடியுமா, எது தடுக்கும்?" என்று கேளுங்கள். நான்காவது படியில் அண்ணன் பெயரை எழுதிவிட்டு, அண்ணனோடு பேசி 2 ஆண்டாகிறது என்பார். அங்கேதான் திட்டம் உடையும். எழுதப்பட்ட ஆட்களுக்குத் தங்கள் பெயர் அதில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். தாளைப் படம் பிடித்து அவர் போனிலும் வைக்கச் சொல்லுங்கள்.

இந்தத் திட்டத்தையும் வீடு திரும்பியபின் தொலைபேசி விசாரிப்பையும் சேர்த்து அவசர சிகிச்சைப் பிரிவுகளில் செய்து பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. முதல் அழைப்பு 72 மணி நேரத்துக்குள். அடுத்த 6 மாதத்தில் தற்கொலை நடத்தை, அதாவது முயற்சியோ அதற்கான ஏற்பாடோ போன்றவை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 5.29 சதவீதம், இவர்களில் 3.03 சதவீதம்.

ஆறாவது படியைத்தான் எல்லோரும் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள், எனக்கோ அதுதான் முதன்மையானது. "நினைத்தவர் எப்படியும் செய்துவிடுவார்" என்பது தவறான நம்பிக்கை. முயன்று பிழைத்த 82 பேரிடம் கேட்ட ஓர் ஆய்வில், எண்ணம் வந்ததிலிருந்து முயற்சி வரை 10 நிமிடமோ அதற்கும் குறைவோ என்று ஏறத்தாழப் பாதிப் பேர் சொன்னார்கள். அந்த 10 நிமிடத்தில் கைக்கு எட்டாத தூரத்தில் பொருள் இருந்தால் அலை தணிந்துவிடும். இலங்கையில் கொடிய நச்சுப் பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தபின், 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த 20 ஆண்டில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மக்களின் துயரம் மறைந்ததால் வந்த மாற்றம் அல்ல அது.

வீட்டில் செய்வது: மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கொடுப்பது, மருத்துவரிடமே குறைந்த நாளுக்கு எழுதித் தரக் கேட்பது, காலாவதியான பழைய மருந்துகளை அப்புறப்படுத்துவது, நச்சுப் பொருளும் ஆயுதமும் வீட்டைவிட்டே வெளியேறுவது. ஒளித்துவைப்பது போதாது, வீட்டில் இருப்பவருக்கு ஒளித்த இடம் தெரியும். எடுத்துப்போகும்போது அவருக்குத் தெரிந்தே, அவர் ஒப்புதலோடு செய்யுங்கள். "கொஞ்ச நாளைக்கு" என்ற சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

---

செவிச்செல்வம்:

வார்டுவாசல் எழுதியதோடு, யாரும் கேட்காத ஒன்று. உங்கள் பகுதியில் ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு தற்கொலை சுமார் 135 பேரைத் தொடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் நெருங்கியவர்களுக்கும் ஏற்கெனவே தளர்ந்திருந்தவர்களுக்கும் ஆபத்து கூடும். வாட்ஸ்அப் குழுவில் முறை, இடம், கடைசிக் கடிதம், படம் எதுவும் போகக்கூடாது என்று நிர்வாகி முதல் ஒரு மணி நேரத்திலேயே அறிவிக்க வேண்டும். "தேர்வில் தோற்றதால்", "காதல் முறிவால்" என்று ஒற்றைக் காரணமும் எழுத வேண்டாம். அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு அது வழிகாட்டியாகிவிடும். "தற்கொலையால் இறந்தார்" என்ற சொல் போதும். "முயற்சி தோல்வி" என்று பிழைத்தவரைப் பற்றி ஒருபோதும் எழுதக்கூடாது. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் "முன்னாடியே தெரியலையா" என்று கேட்பது, துக்கத்தில் இருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பல வீடுகளில் அந்தப் பெயரையே யாரும் உச்சரிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

---

இரவுப்பணி:

8 பேர் குழுவுக்கான ஏற்பாடு இரண்டு சொல்கிறேன். ஒருவர் ஒரே சமயத்தில் 2 பேருக்கு மேல் விசாரிப்புப் பொறுப்பு ஏற்கக்கூடாது. தன் சொந்த எண்ணைத் தந்து "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று சொல்வது அன்பாகத் தெரியும். மூன்றாவது வாரம் தூக்கம் கெட்டு, நான்காவது வாரம் அழைப்பை எடுக்காமல் விடுவார், அந்த எடுக்காத அழைப்பு இருவரையும் முறிக்கும். "காலை 8 முதல் இரவு 9 வரை நான், அதற்குப் பின் இந்த உதவி எண்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடினமான சந்திப்பு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் குழுவில் இன்னொருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து குழுவைப் பார்க்கட்டும். கற்றது சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் 6 மாதத்துக்கு ஒருமுறை 1 மணி நேரப் பயிற்சி, உரை இல்லாமல் இருவர் இருவராகக் கேட்டுப் பழகுவது மட்டும்.

வகுப்பு நாளன்று பொறுப்பாளர்கள் இருவரை, முடிந்தபின் 1 மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், நாற்காலியை அடுக்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். 40 பேரில் ஓரிருவர் "என் நண்பன் ஒருத்தனுக்கு" என்று தொடங்கிப் பேச வருவார்கள். நண்பனைப் பற்றியே பதில் சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு எப்படி இருக்கு? உங்களுக்கு அந்த எண்ணம் வருதா?" என்று கேளுங்கள்.